என் காலைத் தரையில் வைக்கவிடாதவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் விவசாயம் செய்கிறவன் நான். ஆவணிக் கடைசியில் தஞ்சாவூரில் எனக்கு வலது கணுக்காலில் ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன் நடந்தது. 2 வருஷத்துக்கு முன்னால் வரப்பு சறுக்கிக் கால் புரண்டதை, சுளுக்குதானே என்று எண்ணெய் தடவியே ஓட்டிவிட்டேன். உள்ளே குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது.

டாக்டர் ஐயாவுக்கு முதல் நன்றி. தையல் இரண்டே இடம், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வயலுக்குப் போய்விடலாம் என்றிருந்தேன். அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். பெயர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியிலுள்ள எலும்பில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருக்கிறார்கள். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. துளை வழியே கசியும் ரத்தம் உறைந்துதான் அங்கே புதுத் திசு பிடிக்க வேண்டும். "நட்ட நாற்று வேர் பிடிக்கிறதுக்குள்ள மிதிப்பீங்களா?" என்று கேட்டார். அப்புறம் நான் வாய் திறக்கவில்லை. 6 வாரம் கால் ஊன்றக் கூடாது.

அந்த 6 வாரமும் சம்பா நடவு. என் வயலுக்கும் சேர்த்து மடை பார்த்த பக்கத்து வயல் அண்ணனுக்கு என்ன சொல்வது! ராத்திரி மழையில் வாய்க்கால் உடைந்தபோதுகூட என்னிடம் சொல்லாமல், அடைத்துவிட்டுக் காலையில்தான் சொன்னார்.

எனக்குச் சர்க்கரை உண்டு. அது ஏறினால் புண் ஆறாது என்று என் வீட்டுக்காரி மூன்று வேளையும் சோற்றை அளந்துதான் வைத்தாள். கால் நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருந்தால்தான் வீக்கம் வடியும் என்பதால், தூக்கத்தில் தலையணை நழுவும்போதெல்லாம் எழுந்து சரி செய்தாள். புகை ரத்தக் குழாயைச் சுருக்கும் என்று கேள்விப்பட்ட டீக்கடைக்காரர், நான் ஆளனுப்பியும் ஒரு பீடி தரவில்லை. அன்றைக்குக் கோபப்பட்டேன். மன்னிக்கணும் அண்ணே.

குத்தவைக்க முடியாமல் தவித்தபோது, வாத்தியார் ஐயா தன் அம்மாவுக்கு வாங்கிய நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியையும் வாக்கரையும் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். மானத்தைக் காப்பாற்றிய உதவி அது.

பிசியோ தங்கச்சிக்குத்தான் பெரிய கடன். கால் புரளும்போது தசைநார் மட்டும் கெடுவதில்லை, பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிவிடுமாம். திண்ணைத் தூணைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். பிறகு தூணை விட்டு, பிறகு கண்ணை மூடி. முதலில் தார் ரோடு, அப்புறம் ஆற்றங்கரை, கடைசியில்தான் வரப்பு.

போன வாரம், அறுப்புக்கு முன்னால் நானே வயலில் இறங்கி உளுந்து தெளித்தேன். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் வீங்குகிறது, சில மாதம் அப்படித்தான் இருக்குமாம்.

வாத்தியார் ஐயா, நாற்காலியையும் வாக்கரையும் கழுவிக் காயவைத்துவிட்டேன். கீழத்தெரு ஆத்தாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷனாம். உங்கள் சம்மதம் கிடைத்தால் நாளைக்கே அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.