இரண்டு அலமாரிப் பழைய நூல்களை மின்னூலாக்க நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கிளை நூலகத்தில் 1978க்கு முன் அச்சான நூல்கள் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, மடித்தால் ஒடிகிறது. பதிப்புரிமைச் சிக்கல் வராதபடி, இவற்றில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கடந்தவற்றையும் நாட்டுடைமையானவற்றையும் மட்டும் மின்னூலாக்க வாசகர் வட்டம் முடிவு செய்திருக்கிறது. ரூ.1,30,000 தேவை.

படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அப்படி எடுத்த பக்கம் வெறும் படம். கண் மங்கிய பெரியவர் அதைப் பெரிதாக்கினால் வரியின் கடைசி திரைக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி இடமும் வலமும் தள்ள வேண்டும். நாலு பக்கத்தில் அலுத்துவிடும். கணினியில் தட்டச்சு செய்ததுபோன்ற யூனிகோடு எழுத்தாக மாற்றி, ஈபப் என்னும் மின்னூல் வடிவில் ஆக்கினால்தான் எழுத்து பெரிதாகும்போது வரி தானே மடங்கும். கைபேசியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே வசதி.

எழுத்தாக மாற்றுவதில்தான் இரு தலைமுறையும் வேண்டியிருக்கிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கைபோல் வளைந்த ஐகாரத்தோடு அச்சாயின. ணா, றா, னா மூன்றிலும் கால் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் இவற்றில் தடுமாறும். ரகரத்தைத் துணைக்காலாக எடுத்துக்கொள்ளும். தாளில் உள்ள கறையைப் புள்ளி என்று நினைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழைய ‘லை’ பிடிபடுவதில்லை. அறுபதைத் தாண்டியவர்களோ அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள். அதனால் மேசைக்கு இருவர்: பெரியவர் நூலைப் பார்த்து ஒற்று விடாமல் உரக்க வாசிப்பார், இளையவர் திரையில் திருத்துவார். “மூணு சுழியா, ரெண்டு சுழியா?” என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் நூலின் முதுகு பிளந்துவிடும். ஆகவே 100 டிகிரி மட்டும் விரிக்கும் பலகைத் தொட்டில், பக்கத்தை அழுத்தக் கண்ணாடி, இரண்டு கேமரா, இரண்டு எல்இடி விளக்கு: ரூ.38,000. விளக்கு 45 டிகிரிச் சாய்வில் இல்லாவிட்டால் கண்ணாடி பளிச்சிட்டு நடுவரிகள் வெளுத்துப்போகும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஏ5 அளவுப் பக்கம் ஒன்று சுமார் 13 எம்பி. 200 பக்க நூலுக்கு 2.6 ஜிபி. எனவே 2 டிபி வன்தட்டு இரண்டு, வெவ்வேறு கட்டடத்தில் வைக்க: ரூ.12,000. கோப்பு பதிவாகும்போது மின்சாரம் போனால் அது கெட்டுவிடும் என்பதால் இன்வெர்ட்டர்: ரூ.17,000.

படிப்பதற்கு 10 அங்குல டேப்லெட் நான்கு: ரூ.60,000. ஒவ்வொன்றுக்கும் தாங்கியும் ரப்பர் முனைப் பேனாவும் ரூ.750 வீதம் ரூ.3,000. பேனாவை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். முதியவர்களின் உலர்ந்த விரல் நுனியைத் தொடுதிரை பல நேரம் உணர்வதே இல்லை. நாலு முறை தொட்டுப் பார்த்துவிட்டு “நமக்கு இதெல்லாம் வராது” என்று எழுந்துவிடுகிறார்கள். திரை செய்யும் கோளாறுக்கு அவர்கள் ஏன் கூச வேண்டும்?

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பீரோவில் சும்மா கிடக்கும் 12 மெகாபிக்சலுக்குக் குறையாத கேமராவும், வாரத்தில் இரண்டு மணி நேரமும் எங்களுக்கு நன்கொடைதான். வீட்டுப் பழைய நூல்களை 15 நாளுக்கு இரவல் தரலாம். கிழிசலுக்கு மட்டும் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது பசையோடு எழுத்தும் உரிந்து வரும்.

நன்கொடையை நூலக நேரத்தில் குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவும். வரவு செலவு மாதந்தோறும் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
மின்னூலாக்கக் குழு, வாசகர் வட்டம்