பாடுகளின் பாடலைப் பாட எங்களோடு நின்றவர்களுக்கு

அன்பானவர்களே,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

பெரிய வெள்ளி மாலையில் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ‘செயின்ட் ஜான் பேஷன்’ என்ற, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசையை முழுவதுமாகப் பாடி முடித்தோம். யோவான் சுவிசேஷத்தின் 18, 19 ஆம் அதிகாரங்களை அப்படியே பாட்டாக்கி, நடுநடுவே சபையின் பாமாலைகளையும் தனிப்பாடல்களையும் கோத்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீளும் இசை அது. எங்களில் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. உங்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் இடத்தில் தாங்கிப் பிடித்ததால்தான் இது நடந்தது. பெயர் எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள், அதனால் பெயர்களைத் தவிர்க்கிறேன். வாசிக்கும்போது உங்கள் இடம் உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் குழுவை நடத்தியவருக்கு. பிரமாண்டமான தொடக்கப் பாடலை அவர் முதலில் எடுக்கவே இல்லை. நடுவில் வரும் சின்னப் பாமாலை ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் இயேசுவை அறைகிறான். கதை அந்த இடத்தில் நிற்கிறது. உம்மை இப்படி அடித்தது யார் என்று குழு கேட்கிறது. அடுத்த சரணத்தில் அதே குழு, அதே மெட்டில் பதில் சொல்கிறது: நான்தான், கடற்கரை மணலைப்போல் பெருகிய என் பாவங்கள்தான். ஜெர்மன் பாமாலைக் கவிஞர் பால் கெர்ஹார்ட் எழுதிய வரிகள் அவை. மெட்டு பாக்குக்கும் மிக முந்தியது, ஆராதனைக்கு வரும் எவருக்கும் பழகிய மெட்டு. இந்த இரண்டு சரணங்களையும் புரிந்துகொண்டால்தான் மற்ற எல்லாம் சரியாக வரும் என்றார்.

அது எவ்வளவு உண்மை என்பது ‘சிலுவையில் அறையும்’ என்ற கூக்குரலுக்கு வந்தபோது தெரிந்தது. ஒரு குரல் நீளமாக இழுத்து உரச, இன்னொரு குரல் வெட்டி வெட்டிக் கத்தும். அப்படியொரு கொடூரத்தைப் பாடிய அதே வாயால் சற்று நேரத்தில் இன்னொரு பாமாலையைப் பாட வேண்டும். பாக் இதற்கென்று இரண்டு குழுக்களை வைக்கவில்லை. கத்துகிற கூட்டமும் நாம்தான், அழுகிற சபையும் நாம்தான். பிரசங்கத்தில் பலமுறை கேட்ட சத்தியம், பாடும்போது வேறு விதமாக உள்ளே இறங்குகிறது.

இதோடு சேர்த்து ஆயர் ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். யோவான் சுவிசேஷத்தில் ‘யூதர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வசனங்களைச் சாக்காக வைத்து யூத மக்கள் மேல் நூற்றாண்டுகளாகப் பழியும் கொடுமையும் சுமத்தப்பட்டன. இசை தொடங்குமுன் அதை மூடிமறைக்காமல் சொன்னார். அப்புறம் ‘அடித்தது யார்’ பாமாலையின் இரண்டு சரணங்களையும் வாசித்து, பழியை இந்த இசை எங்கே வைக்கிறது என்று கவனியுங்கள் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எங்களில் பலருக்கு அந்தக் கூட்டப் பாடல்களைத் தயக்கமில்லாமல் பாட முடிந்தது.

சுவிசேஷகனாக நின்று கதையைச் சொன்ன டெனர் (உயர்ந்த ஆண் குரல்) தம்பிக்கு என்ன சொல்வது! பேதுரு மறுதலித்த பிறகு மனங்கசந்து அழுத காட்சி யோவானில் கிடையாது. மத்தேயுவிலிருந்து அந்த வரியை எடுத்து இங்கே சேர்த்திருக்கிறார் பாக். அரை அரை ஸ்வரமாக நெளிந்து போகும் அந்த நீண்ட அழுகையை நீங்கள் பாடியபோது என் பக்கத்தில் நின்றவர் தன் நோட்டுப் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டார்.

‘முடிந்தது’ என்ற பாடலுக்காக ஆல்ட்டோ (தாழ்ந்த பெண் குரல்) அக்காவுக்கும், பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசித்த அண்ணனுக்கும் தனியாக நன்றி. பாக் அதை வயோலா ட காம்பா என்ற பழைய வாத்தியத்துக்கு எழுதினார். எங்களிடம் அது இல்லை. செல்லோவில் வில்லை இலேசாகப் பிடித்து, அந்த மெலிந்த நாதத்தைக் கொண்டுவர நீங்கள் எடுத்த பாடு எங்களுக்குத் தெரியும். துயரமாக ஊர்ந்துகொண்டிருக்கும் பாடல், நடுவில் திடீரென்று யூதாவின் வீரன் ஜெயிக்கிறான் என்று பாய்ந்து எழுகிறது. அந்த வேகம் பாதியில் அறுந்து, மீண்டும் ‘முடிந்தது’ என்று தணிகிறது. தோற்றுப்போனவர் விட்ட பெருமூச்சு அல்ல இது, வேலையை முடித்தவர் சொன்ன வார்த்தை. அதைச் சொல்லி விளக்கப் பல பக்கங்கள் வேண்டும். நீங்கள் இருவரும் சில நிமிடங்களில் காட்டினீர்கள். என் விசுவாசத்துக்கு இந்த ஆண்டு கிடைத்த பெரிய பலம் அதுதான்.

ஆர்கன் வாசித்த அம்மாவுக்கு நன்றி. சுவிசேஷகன் பாடும்போதெல்லாம் கீழே ஒரு நாதம் இருந்துகொண்டே இருந்ததே, அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது தவறியிருந்தால் எல்லாரும் கவனித்திருப்பார்கள்.

நோட்டு வாசிக்கத் தெரியாதவர்களுக்காக நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து அனுப்பியவருக்கும், ஜெர்மன் உச்சரிப்பைப் பொறுமையாகத் திருத்தியவருக்கும், கேட்க வருகிறவர்களுக்காக எல்லா வரிகளையும் எளிய தமிழில் எழுதி அச்சிட்டுத் தந்தவருக்கும் நன்றி. ஒத்திகை நாட்களில் எங்களை வீட்டிலிருந்து விடுவித்த குடும்பத்தாருக்கும்.

ஆலயத்தைத் திறந்து, பெஞ்சுகளை நகர்த்தி, வாத்தியக்காரர்களுக்கு இடம் செய்து கொடுத்த ஊழியர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. 1724 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இந்த இசை முதன்முதலாகப் பாடப்பட்டது. தாமஸ் ஆலயத்தில் என்று பாக் அறிவித்திருந்தார். நகர மன்றம் நிக்கோலஸ் ஆலயத்தில்தான் என்று சொல்லிவிட்டது. அங்கே பாடகர் மேடையில் இடம் போதாது, ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தையும் பழுதுபார்க்க வேண்டும் என்று பாக் முறையிட, மன்றம் இரண்டையும் செய்து கொடுத்தது. அன்று இடம் ஒதுக்கியவர்கள் இல்லாமல் இந்த இசை ஒலித்திருக்காது. உங்கள் வேலையும் அதே வரிசையில் வருகிறது.

நம் விசுவாசத்தில் இல்லாதவர்களும் எங்களோடு நின்று பாடினார்கள். ஒவ்வொரு வரியின் பொருளையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாடினீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகளால், பழக்கத்தில் நாங்கள் மேலோட்டமாகக் கடந்துபோகும் வசனங்களை நின்று வாசித்தோம். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

வந்து கேட்டவர்களுக்கும் நன்றி. கைதட்ட வேண்டாம் என்று கேட்டிருந்தோம், அதை மதித்தீர்கள். பலர் இது ஆராதனையா, கச்சேரியா என்று கேட்டார்கள். பாக் இதை எழுதியது மாலை ஆராதனைக்காக. முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவில் பிரசங்கம் இருந்தது. நாங்களும் அப்படியே செய்தோம். ஆகவே என் பதில், ஆராதனை.

கடைசியாக ஒன்று. இரவல் வாங்கிய நோட்டுப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பென்சில் குறிப்புகளை அழித்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆர்கன் பக்கத்தில் உள்ள மேசையில் வைத்துவிடுங்கள்.

ஆண்டவருக்குள் அன்புடன்,
பாஸ் (தாழ்ந்த ஆண் குரல்) வரிசையிலிருந்து, குழுவினர் அனைவருக்காகவும்