பள்ளி திறப்பதற்கு முன்னால்

அன்புள்ள மகள் கயலுக்கு,

செப்டம்பரில் பேத்தி பள்ளிக்குப் போகப்போகிறாள் என்று நீ சொன்னதிலிருந்து, அவளைக் காட்டிலும் உன்னைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கனடாவில் பள்ளி திறந்த இரண்டு, மூன்று வாரங்களில் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு வருவோர் ஆண்டுதோறும் கூடுவதை அந்நாட்டு ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். வகுப்பறையில் பிள்ளைக்குப் பிள்ளை தொற்றும் ரைனோவைரஸ்தான் அதற்கு முக்கியக் காரணம். மற்றவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்து போகும் அந்தக் கிருமி, சிறுவயது முதல் இளைப்பு உள்ள உனக்கு மூச்சுக்குழாயின் உட்சுவரை வீங்கச்செய்து, சளியைக் கட்டவைத்து, இரவில் படுக்கவிடாமல் செய்துவிடும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. ஃப்ளூவுக்கும் கோவிடுக்கும் தடுப்பூசி உண்டு என்பதால், அங்கே போடத் தொடங்கியதும் தள்ளிப்போடாமல் இரண்டையும் போட்டுக்கொள்.

நெஞ்சக நோய்ப் பிரிவில் செவிலியாக இருந்த காலத்தில், மருந்து கேட்கவில்லை என்று சொல்லி வந்தவர்களிடம் முதலில் இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் கோளாறு மருந்தில் இருக்காது, இழுக்கும் முறையில்தான் இருக்கும். போன வாரம் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே நீ ஒரு பஃப் எடுத்ததைக் கவனித்தேன். முதலில் அழுத்திவிட்டு அதன்பிறகே மூச்சை இழுத்தாய். உன் உதட்டோரத்திலிருந்து வெண்புகை போல மருந்து வெளியே வந்தது. அப்படி எடுத்தால் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும்.

1955இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவரிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய பதின்மூன்று வயது மகள், வாசனைத் திரவியம் போல இந்த மருந்தையும் புட்டியில் அடைத்துத் தெளிக்க முடியாதா என்று கேட்டாள். மறு ஆண்டே இந்த வகை இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. பார்வைக்கு அவ்வளவு எளிதாக இருப்பதாலேயே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, கற்றுக்கொடுக்கவும் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை என்பது என் எண்ணம்.

நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுகக் கவ்விக்கொள். மெதுவாக இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்தி, நிறுத்தாமல் ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்கி வை. இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடியும் குலுக்கு. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாயான ஸ்பேசரை மாட்டிக்கொண்டால் அழுத்துவதும் இழுப்பதும் இம்மி பிசகினாலும் மருந்து வீணாகாது. சளி பிடித்துத் திணறும் நாட்களில் அது கட்டாயம் வேண்டும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலரவிடு, துணியால் துடைக்காதே. துடைத்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று நம் ஊரில் செய்வதுபோல் டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்காமல், எண் காட்டியைப் பார்.

நீ தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு பழகிவிடும் என்று உன் மாமியார் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் இருப்பது இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. அது பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்தும் அல்ல. எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலும் அதை விடாமல் எடுத்துவந்தால்தான், வைரஸ் வரும்போது மூச்சுக்குழாய் ஓரளவாவது தாக்குப்பிடிக்கும். திணறும்போது உடனடி நிவாரணத்துக்கு எடுக்கும் நீல இன்ஹேலர் இறுகிய குழாயைத் தளர்த்துமே தவிர வீக்கத்தைக் குறைக்காது. அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வல்லுநர் குழுவான ஜினா 2019இலேயே சொல்லிவிட்டது.

சளி பிடித்தவுடன் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது என்பதை இப்போதே உன் டாக்டரிடம் கேட்டு, எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வை. சனிக்கிழமை பேசும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையில் வைத்துக்கொண்டு, நான் சொன்னபடி ஒருமுறை எடுத்துக்காட்டு. மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல். நீல மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் உனக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 911ஐ அழைக்க வேண்டியவர் அவர்தான்.

அன்புடன்,
அம்மா