குழந்தை நிற்கும் தரையைப் பற்றி: மாவட்டப் புகைப்படக் கலைஞர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

காதுகுத்து முடிந்த கையோடு என் தங்கையின் மகளைப் படமெடுப்பதற்காக நம் மாவட்டத்து ஸ்டூடியோ ஒன்றுக்கு அழைத்துச் சென்றதும், அங்கே குழந்தை வழுக்கி விழுந்து உதடு கிழிந்ததும் தங்களுக்குத் தெரியும். தங்கை அப்போதே எழுத்தில் கொடுத்த முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லாததால்தான், எல்லோரும் படிக்கும்படியாக இம்மடலை நான் எழுத வேண்டியதாயிற்று. அந்த ஸ்டூடியோவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒருவரைத் தண்டிக்கச் சொல்வது என் நோக்கமன்று. அங்கே விரித்திருந்த அதே வழுக்கும் வெள்ளை விரிப்பு இன்னும் பல ஸ்டூடியோக்களில் விரிக்கப்பட்டிருக்கிறது என்பதே என் கவலை. என் தந்தையார் கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து ஸ்டூடியோ நடத்தியவர், இச்சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். ஆகையால் இத்தொழிலின் சிரமங்களை அறிந்தே எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் படமெடுக்கும் இடத்தில் தரை வழுக்காததாக இருக்க வேண்டும். பின்திரை, குழந்தையைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு விதியாகவே அறிவிக்க வேண்டும்.

விழுந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பளபளக்கும் டைல்ஸ் தரையின் மேல், சுவரிலிருந்து இறங்கி வரும் வெள்ளை பிளெக்ஸ், ஓரங்களில் மட்டும் டேப் ஒட்டி விரிக்கப்பட்டிருந்தது. குழந்தை நடக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த வயதில் குழந்தைகள் கால்விரல்களை மடக்கித் தரையைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். பிளெக்ஸில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அது போதாதென்று, வெள்ளை விரிப்பில் கால்தடம் பதியக்கூடாது என்பதற்காகக் குழந்தைக்குச் சாக்ஸ் அணிவிக்கச் சொன்னார்கள்; பட்டுப்பாவாடை மறைத்துவிடும், படத்தில் தெரியாது என்றார்கள். உதவியாளர் கிலுகிலுப்பையை ஆட்டிக் கூப்பிட்டதும் அவள் ஓரடி எடுத்து வைத்தாள். சாக்ஸ் வழுக்கியது, டேப் ஒட்டாத நடுப்பகுதி சுருண்டு காலோடு வந்தது, முகம் தரையில் மோதியது. அன்று காலையில் குத்திய காதிலும் அடிபட்டு இரத்தம் கசிந்தது. நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல், "குழந்தை என்றால் விழத்தான் செய்யும்" என்பது.

வீட்டிலும் வாசலிலும் குழந்தைகள் விழுவதை நாங்களும் அறிவோம். ஆனால் விரிப்பு அழுக்காகக் கூடாது என்பதற்காகக் காலின் பிடிமானத்தைப் பறித்துவிட்டு, அதன் பிறகு விழுந்ததைக் குழந்தையின் இயல்பு என்று சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்த அறையில் குழந்தையைவிட விரிப்புக்கே அதிகக் கவனம் கொடுக்கப்பட்டது. பின்திரையைத் தாங்கிய ஸ்டாண்டின் கால்களில்கூட மணல் மூட்டை எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. தவழும் குழந்தை திரையின் நுனியைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் இரும்புக் குழாய் அதன் தலையில்தான் விழும்.

வெள்ளையும் பச்சையுமே எல்லா இடங்களிலும் இடம்பிடித்ததற்கான காரணம் தாங்கள் அறியாததன்று. குழந்தையைக் கணினியில் வெட்டியெடுத்து, அருவியின் முன்னாலோ பூந்தோட்டத்தின் நடுவிலோ ஒட்டுவதற்கு அவை வசதியானவை. பின்னணியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிட்டால், எடுக்கும் நேரத்தில் திரையைப் பற்றியோ தரையைப் பற்றியோ யாரும் யோசிப்பதில்லை. அப்படி வெட்டும்போது முதலில் கெடுவது பாதம். பாதத்தை ஒட்டித் தரையில் விழும் மெல்லிய நிழல்தான் குழந்தை நிற்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அது போய்விட்டால் குழந்தை தரையைத் தொடாமல் தொங்குகிறது. நெற்றியோரத்துப் பூனைமுடியும் வெட்டுப்பட்டுப் போகிறது. இடமில்லாத ஸ்டூடியோக்களில் பச்சைத் திரையை ஒட்டியே குழந்தையை நிறுத்துவதால் கழுத்திலும் கன்னத்தோரத்திலும் பச்சை படிந்துவிடுகிறது. முதன்முதலாகத் தன் காலில் நின்ற ஒரு குழந்தையின் படத்தில் அந்தக் கால்கள் இல்லை என்றால், அந்தப் படத்தை எதற்காக எடுத்தோம்?

வெள்ளைப் பின்திரை இன்னொரு தீங்கையும் செய்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கேமராவின் ஒளி அளவி, தன் முன்னால் இருக்கும் காட்சி முழுவதையும் ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறமாகக் கருதித்தான் கணக்கிடுகிறது. காட்சியின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால் அது ஒளியைக் குறைத்துவிடும். அப்போது கறுப்பு நிறக் குழந்தையின் முகம் இருக்கும் நிறத்தைவிட இருண்டு, கண்ணும் மூக்கும் தெளிவில்லாமல் விழும். முகத்தருகே ஒளியை அளந்து சரிசெய்யத் தெரியாதவர்கள் இத்தொழிலில் இருக்க மாட்டார்கள். ஆனால் கூட்டம் நிறைந்த நாளில் அதைச் செய்யாமல், முகத்தைப் பிறகு வெளுக்க வைத்துவிடுகிறார்கள். விழுவதற்கு முன்னால் எடுத்ததாக எங்களுக்கு அனுப்பப்பட்ட படத்தில் குழந்தையின் முகம் மட்டும் வெளிறியிருந்தது. கைகள் அவளுடைய நிறத்திலேயே இருந்தன. கன்னத்தில் அவள் பாட்டி வைத்த திருஷ்டிப் பொட்டையும் மறு என்று எண்ணி அழித்திருந்தார்கள்.

இக்கேடு நம்மோடு தொடங்கியதன்று. கலர் பிலிம் காலத்தில், கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்ப்பதற்காக அனுப்பிய ஷர்லி அட்டை என்ற மாதிரி அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படமே இருந்தது. அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கொள்ளப்பட்டதால், கறுப்பினக் குழந்தைகளின் முகங்கள் பள்ளிப் படங்களில் அடையாளம் தெரியாமல் இருண்டு போயின. இன்று நம் கையில் இருக்கும் கேமரா மாநிறத்தையும் கறுப்பையும் அழகாகவே பதிவு செய்யக்கூடியது. அதைக் கெடுப்பவை நாம் தேர்ந்தெடுக்கும் பின்திரையும், நாம் செய்யும் திருத்தமும்தான். பிள்ளை பிறந்த வீட்டில் நிறத்தைப் பற்றிய கேள்வியே முதலில் எழும் ஊரில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் உன் முகம் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஸ்டூடியோவும் சேர்ந்து சொல்ல வேண்டுமா? அழகு என்ற பெயரில் விற்கப்படும் களிம்புகளும், மாப்பிள்ளை தேடும் விளம்பரங்களும் அந்த வேலையைப் போதுமான அளவு செய்துகொண்டிருக்கின்றன. பொருளை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

செலவு மிகுந்த ஏற்பாடு எதையும் நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக் காகிதச் சுருள் 2.72 மீட்டர் அகலத்தில் வரும் என்பதும், கால்தடம் பட்ட பகுதியை ஒவ்வொரு முறையும் வெட்டியெறிய வேண்டியிருப்பதால் சிறிய ஸ்டூடியோவுக்கு அது கட்டுப்படியாகாது என்பதும் எனக்குத் தெரியும். என் தந்தையார் காடாத் துணியை அகலமாகத் தைத்து, டிஸ்டம்பர் கலவையைத் திட்டுத்திட்டாகப் பூசித் தாமே திரைகள் செய்துகொண்டார். அத்துணி பிளெக்ஸைப் போல் விளக்கொளியைத் திருப்பி அடிக்காது. சாம்பல், மண்ணிறம், மங்கிய நீலம், சாம்பல் கலந்த பச்சை ஆகியவையே அவரிடம் இருந்தன. குழந்தை அறைக்குள் வந்து, அதன் உடையையும் நிறத்தையும் பார்த்த பிறகுதான் எதை இறக்குவது என்று முடிவு செய்வார். அரக்குப் பட்டுப்பாவாடைக்கு மங்கிய பச்சை, வெள்ளை ஜிப்பாவுக்கு மண்ணிறம் என்பன அவருடைய தேர்வுகள். கறுத்த குழந்தைக்கு மிக இருண்ட திரையை இட நேர்ந்தால், தலைமுடியும் தோளும் திரையோடு கலந்துவிடாதபடி பின்னாலிருந்து ஒரு சிறிய விளக்கைக் கொடுப்பார். குழந்தைக்கும் திரைக்கும் இடையே ஐந்தாறு அடி விடுவதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தார். நிழல் திரையில் விழாமலும் திரையின் நிறம் குழந்தையின் மேல் படியாமலும் இருக்க அந்த இடைவெளி தேவை.

தரைக்கும் அயலில் தேட வேண்டியதில்லை. கோரைப்பாயின் நெய்வு படத்தில் அழகாக விழும், காலுக்கும் பிடிமானம் தரும். ஜமக்காளமும் நல்லதே, பளிச்சென்ற பட்டைகள் கண்ணைக் குழந்தையிடமிருந்து இழுத்துவிடும் என்பதால் ஓரிரு நிறம் மட்டும் உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். எதுவானாலும் டைல்ஸின் மேல் அப்படியே விரித்தால் நகரும். அடியில் ரப்பர் வலையை இட்டு, நான்கு பக்கமும் இழுத்து ஒட்ட வேண்டும். மரப்பலகை அச்சிட்ட வினைல் விரிப்பை விரும்புவோர், பலகையின் அகலத்தைக் குழந்தையின் பாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கட்டும். பலகை மிக அகலமாக இருந்தால் குழந்தை இருப்பதைவிடச் சிறுத்துத் தெரியும். குப்புறப் படுக்க வைக்கும் கைக்குழந்தைகளுக்குச் செயற்கை ரோம விரிப்பு வேண்டவே வேண்டாம். உதிரும் இழை நேரே வாய்க்குள் போகிறது. ஒரு குழந்தையின் எச்சில் காய்வதற்குள் அடுத்த குழந்தை அதே இடத்தில் முகம் வைக்கிறது. துவைத்த பருத்தித் துணியே போதும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி மின்படிகளாக்கியிருக்கிறது. நம் தொழிலின் முன்னோர் எடுத்த படங்களை ஆவணமாகப் பாதுகாக்க அயலார் முன்வரும் அளவுக்கு அவர்கள் உழைப்பில் பொருள் இருந்தது. அவர்களுக்குப் பின் வந்த சங்கம், ஒரு குழந்தை எந்தத் தரையில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யத் தயங்கக் கூடாது.

எனவே தங்களைப் பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளைப் படமெடுக்கும் ஸ்டூடியோக்களில் வழுக்காத தரை கட்டாயம் என்றும், வெள்ளை, பச்சை தவிர நடுத்தர நிறத்தில் துணித்திரைகள் சிலவாவது இருக்க வேண்டும் என்றும், பெற்றோர் கேட்காமல் குழந்தையின் நிறத்தைத் திருத்தக் கூடாது என்றும் அடுத்த செயற்குழுவில் தீர்மானம் இயற்றுங்கள். திரை தைப்பதையும் பூசுவதையும் கற்றுக்கொடுக்கச் சங்கம் ஒரு நாள் ஒதுக்குமானால், தந்தையார் விட்டுச்சென்ற திரைகளையும் அவருடைய கலவைக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். தங்கையின் முறையீட்டுக்கும் தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவரின் மகள்