துணைவினைகளுக்கு இடையே வினையடையின் இடம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், உங்கள் நலனையும் விழைகிறேன். ஆங்கில இலக்கண வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. 'கேன்', 'மே', 'மஸ்ட்' போன்ற துணைவினைகள் செயப்பாட்டுவினையோடு சேரும்போது வினையடையை, அதாவது வினைக்கு அடைமொழியாக வரும் சொல்லை, எங்கே வைப்பது என்று மாணவர்கள் தடுமாறுவதாக எழுதியிருந்தீர்கள். மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடும் என் வேலையிலும் அன்றாடம் எதிர்ப்படும் கேள்வி அது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வினைத்தொடரின் வரிசையை அவர்கள் மனத்தில் பதியவையுங்கள். 'மே ஹேவ் பீன் ரிட்டன்' என்பதில் துணைவினை முன்னே நிற்கிறது. அடுத்து செயல் முடிந்ததைக் காட்டும் 'ஹேவ்', பிறகு செயப்பாட்டுக்குரிய 'பீன்', கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். நம் 'எழுதப்பட்டிருக்கலாம்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: எழுத, பட்டு, இருக்கல், ஆம். அதே நான்கு உறுப்புகள், அப்படியே தலைகீழாக! ஆனால் நம் சொல்லுக்குள் வினையடை நுழையாது; முழு வினைக்கும் முன்னே நின்றுவிடும். ஆங்கிலத்தில் உறுப்புகள் தனித்தனியாக நிற்பதால், அவற்றின் இடைவெளிகளில் அது புகுகிறது. நம் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த இடைவெளி என்பது அடையின் தன்மையைப் பொறுத்தது. பேசுபவரின் கணிப்பைச் சொல்லும் 'ப்ராபப்ளி', எத்தனை முறை என்பதைச் சொல்லும் 'ஆல்வேஸ்', 'நெவர்' போன்றவை பெரும்பாலும் முதல் துணைவினையை அடுத்து வரும்: 'இட் வில் ப்ராபப்ளி பி அக்செப்டட்'. ('வில் நாட்' சுருங்கி 'வோன்ட்' ஆகும்போது 'ப்ராபப்ளி' அதற்கு முன்னே போய்விடும்.) செயலின் விதத்தைச் சொல்லும் அடை மூன்றாம் வடிவத்தை ஒட்டி நிற்பதே இயல்பு: 'இட் மஸ்ட் பி கேர்ஃபுலி க்ளீன்ட்'.

இவற்றைவிட நுட்பமானது, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும்போது நேரும் பொருள் மாற்றம். 'த டாக்டர் வில் வில்லிங்லி எக்ஸாமின் த பாய்' என்றால் விருப்பம் மருத்துவருடையது. அதையே 'த பாய் வில் வில்லிங்லி பி எக்ஸாமின்ட் பை த டாக்டர்' என்று திருப்பினால், இசைவது சிறுவன்! அடையை 'பி'க்குப் பின்னே தள்ளி 'வில் பி வில்லிங்லி எக்ஸாமின்ட்' என்று எழுதினால், மருத்துவரின் விருப்பம் என்று கொள்ளவும் இடமுண்டு. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறினாலும் பொருள் மாறாது என்று பள்ளியில் பயின்ற விதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள், ஒருவருடைய விருப்பத்தை இன்னொருவர் மேல் ஏற்றிவிடுவதை அடிக்கடி காண்கிறேன். ஒப்பந்தங்களிலும் மருத்துவப் படிவங்களிலும் இது சிறிய பிழை அன்று.

ஆகவே, செயப்பாட்டு வாக்கியங்களாக மாற்றச் சொல்லும் பயிற்சிகளில் இத்தகைய அடைகளையும் சேர்த்துக் கொடுங்கள். யாருடைய விருப்பம் என்பதைத் தமிழில் விளக்கி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியவற்றில் உங்களுக்கு ஐயம் எழுந்த வாக்கியங்களை அடுத்த கடிதத்தில் அனுப்பினால், நாம் இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்