பழைய விலையை இன்றைய பணத்திலும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வின்டேஜ் கார் ஏலச் செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்தக் காலத்தில் இத்தனை ஆயிரத்துக்கு விற்ற வண்டி, இன்றைக்கு இத்தனை கோடி என்று. படித்துவிட்டு வாயைப் பிளக்கிறோம், அப்புறம் அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அன்றைய பணம் வேறு, இன்றைய பணம் வேறு.

ஃபோர்டு மஸ்டாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஏப்ரலில் வந்தபோது ஆரம்ப விலை 2,368 டாலர். இன்று அந்தக் காசுக்கு ஒரு நல்ல மலைப்பாதை சைக்கிள் வாங்கலாம், அவ்வளவுதான், அதனால் கேட்டதும் கொள்ளை மலிவாகத் தோன்றும். ஆனால் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1964-ல் 31, 2024-ல் ஏறக்குறைய 314. பத்து மடங்கு. ஆக அந்த 2,368 இன்றைய கணக்கில் சுமார் 24 ஆயிரம் டாலர். நல்ல நிலையில் உள்ள சாதாரண ஆறு சிலிண்டர் மஸ்டாங்குகள் பலவும் இன்று அந்தத் தொகையைச் சுற்றியோ அதற்குக் கீழேயோதான் கைமாறுகின்றன. அறுபது வருஷம் மூடி வைத்துக் காப்பாற்றியவர் பத்து மடங்கு லாபம் என்று சந்தோஷப்படுவார், உண்மையில் அவர் கைக்கு வந்தது போட்ட பணம் மட்டுமே. பொருளாதாரத்தில் இதற்குப் பண மாயை என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

போட்ட பணம் என்றாலும் அதில் பராமரிப்புச் செலவு சேரவில்லை. இதை நான் எங்கள் வீட்டுப் பழைய வண்டியில் கற்றுக்கொண்டேன். பின்கதவின் அடியில் பெயிண்ட் ஒரு சின்னக் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. டிங்கர் வேலை செய்பவர் சுரண்டச் சுரண்ட, துரு கதவில் பாதி உயரம் வரை ஏறியிருந்தது. அறுத்து, புதுத் தகடு வைத்து, தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து முடிக்க மூன்று வாரம். அந்த ஒரு கதவுக்கு ஆன செலவு, முழு வண்டியையும் புதிதாக வாங்க என் அப்பா கொடுத்த தொகையைவிட அதிகம்.

அப்பா வண்டி வாங்கிய பில் இன்னும் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து ஓரமெல்லாம் பழுத்துப்போன தாள், தொகைக்குக் கீழே அப்பா பென்சிலில் தவணைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் "அடேயப்பா, இவ்வளவுதானா!" என்பார்கள். அப்பாவுக்கு அது இருபத்தாறு மாதச் சம்பளம். "இவ்வளவுதானா" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

கதவுக்கூலி ஏன் அப்படி ஏறியது என்பதும் இதே கணக்குதான். கார் தயாரிப்பதைத் தொழிற்சாலையால் மலிவாக்க முடிந்தது. 1908-ல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டு மாடல் டி, 1925 வாக்கில் 260 டாலர் வரை இறங்கியது, நகரும் அசெம்ப்ளி லைன் செய்த வேலை அது. பழைய காரைத் தட்டி நிமிர்த்த அப்படி ஒரு லைன் கிடையாது. ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து கையால் செய்ய வேண்டும், அவர் கூலி விலைவாசியோடு சேர்ந்து ஏறும், ஏறவும் வேண்டும். அதனால் சாதாரண வண்டிகளில் கார் விலையைவிடச் சீரமைப்புச் செலவு முந்திக்கொள்கிறது, நல்ல வண்டிகள் பலவும் பிரித்துப்போட்ட நிலையிலேயே கிடந்து மக்கிப் போகின்றன.

சரி, ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் காரின் கதை என்ன என்று கேட்பீர்கள். 1962-ல் சுமார் 18 ஆயிரம் டாலர், மொத்தமே 36 கார்கள். 2018-ல் ஒன்று ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. பணவீக்கத்தை மட்டும் சேர்த்தால் அந்த 18 ஆயிரம் 2018-ல் ஒன்றரை லட்சம்தான் ஆகியிருக்கும். மீதி முழுக்க அரிதான தன்மை, பந்தய வரலாறு, பெரும் பணக்காரர்களின் போட்டி. அதே மாடல் கார் அறுபதுகளின் கடைசியில், பழைய ரேஸ் கார் யாருக்கு வேண்டும் என்று, புதுவிலையைவிடக் குறைவாகக் கைமாறியது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால்தான் இந்த இரண்டு கதைகளும் பிரிந்து தெரியும், கழிக்காவிட்டால் மஸ்டாங்கும் ஜிடிஓவும் ஒரே அதிசயத்தின் சின்னதும் பெரியதுமாகத் தோன்றும்.

முதலீடு என்று நம்பி இறங்குகிறவர்களை நினைத்தால்தான் கவலை. 1988-ல் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு அந்தக் கார்களின் விலைகள் வெறிபிடித்த மாதிரி ஏறின, 1990-க்குப் பின் சரிந்தன. உச்சத்தில், 1989-ல், ஒரு லட்சம் டாலர் போட்டு வாங்கியவருக்கு 2010-ல் அதே ஒரு லட்சம் கிடைத்தால் "விலை மீண்டுவிட்டது" என்பார்கள். குறியீடு 124-லிருந்து 218-க்குப் போயிருக்கிறது. வாங்கிய மதிப்பைத் தொடவே அவருக்கு 1 லட்சத்து 76 ஆயிரம் வேண்டும். விலை அசையாமல் நின்றாலே நஷ்டம் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். இனி இப்படிச் செய்தி போடும்போது, பழைய விலைக்குப் பக்கத்திலேயே இன்றைய பணத்தில் அது எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் அன்றைக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்பதையும். இரண்டு ஆண்டுகளின் குறியீடும் தெரிந்தால் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், இரண்டு நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்