அந்த ஜிபிஎஸ் எண்களை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூண்டில் இடங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வரிவிடாமல் படித்தேன். ராடும் ரீலுமாக நடுராத்திரியில் ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் பக்கம் கிளம்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். காற்றைப் பற்றி எழுதியிருந்தது சரி. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் ஒதுங்கலாம். வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். இது தெரியாமல் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும் நம்மூர்க்காரர்கள் ஏராளம். ஆனால் கட்டுரையின் கடைசியில், கடலுக்குள் போடப்பட்டிருக்கும் செயற்கைப் பாறைகளின் ஜிபிஎஸ் எண்களைக் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறீர்களே, அது வேண்டாத வேலை.

அந்தப் பாறைகள் யாருக்காகப் போடப்பட்டவை என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரங்களில் கடலடி பல இடங்களில் வெறும் மணல்தான். மீன் ஒதுங்க இடம் கிடையாது. அங்கே முக்கோணமாகவும் கிணற்று உறை மாதிரியும் ஓட்டை வைத்த கான்கிரீட் வார்ப்புகளைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். அதில் பாசி படியும், கூரான ஓடுள்ள கொட்டலசு ஒட்டும், கணவாய் முட்டையிடும். சின்ன மீன் ஒண்ட வரும், அதைத் தின்ன கலவாய் மீனும் பாறை மீனும் வரும். இன்னொரு லாபமும் உண்டு. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, சொல்லி என்ன? அடியில் கான்கிரீட் கிடந்தால் விசைப்படகு இழுத்துவரும் இழுவை மடி வலை கிழியும். அந்தப் பயம் சட்டத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஆக, அது வள்ளம் என்னும் சிறு படகில் போய்க் கைத்தூண்டில் போடுகிறவர்களுக்கான இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, ராமநாதபுரம் கரையிலிருந்து மதுரை நெல்பேட்டை மீன் சந்தைக்குப் பனிக்கட்டி வாடையில்லாத மீன் வருகிறதென்றால் இவர்கள் புண்ணியத்தில்தான்.

மேலூர்ப் பக்கம் கண்மாய் அழிப்பை, அதாவது ஊரே கூடிக் கண்மாயில் மீன்பிடிக்கும் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளோடு வெளியூரிலிருந்தெல்லாம் வந்து கரையில் நிற்பார்கள். ஆனால் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. கடலுக்குள் கிடக்கும் பாறைக்கு அப்படித் துண்டு வீச ஆள் இல்லை. இடம் தெரியாமல் இருப்பது ஒன்றுதான் அதற்குக் காவல்.

செயற்கைப் பாறையில் மீன் பெருகுகிறதா, அல்லது அக்கம்பக்கத்து மீன் அங்கே வந்து கூடுகிறதா என்று ஆராய்ச்சியாளர்களிடையே வெகுகாலமாக விவாதம் இருக்கிறது. இரண்டும் நடக்கலாம். கூடுகிற மீனைப் பிடிப்பது மிகச் சுலபம் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. கலவாய் ஊர்சுற்றும் மீனும் அல்ல. பெரியது ஒன்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பொந்துக்கு அடுத்தது வளர்ந்து வர வருடங்கள் ஆகும்.

நம் ஆட்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலவாய் இரையைக் கவ்வியதும் நேரே பொந்துக்குள் பாயும். செவுளை விரித்துக்கொண்டு உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும். மேலே இருப்பவர் வீரம் காட்டி ராடை வளைப்பார். கொட்டலசு விளிம்பில் உரசித் தூண்டில் நரம்பு பட்டென்று அறும். தூண்டில், ஈயம், பத்தடி நரம்பு எல்லாம் பாறையிலேயே தங்கிவிடும். அடுத்த நாள் அதே இடத்தில் கைத்தூண்டில் இறக்குகிறவருக்கு மீனுக்குப் பதில் நம் நரம்புதான் மாட்டும். வள்ளக்காரரோ முதலில் நீவாடு, அதாவது நீரோட்டம் பார்ப்பார். பாறைக்கு மேலே நிற்காமல் சற்றுத் தள்ளி நிறுத்தி, கணவாய்த் துண்டை ஓரமாக இறக்கி, மீனை வெளியே வரவழைத்துப் பிடிப்பார்.

மண்டபத்தில் என்னைக் கூட்டிப்போகும் அண்ணன் பாறையை நெருங்கும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்: “தம்பி, போனை பைக்குள்ள வைங்க. நீங்க ஒருத்தர் வந்தா வாடகை வரும். நீங்க படம் போட்டா நாப்பது படகு வரும்.” அவர் சிரித்தாலும் விஷயம் சிரிப்பில்லை.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் வள்ளத்தில், அவர்கள் கூட்டிப்போகிற இடத்துக்கு, அவர்கள் சொல்கிற வாடகையைக் கொடுத்துப் போகலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அனுமதியில்லாமல் அங்கே நெருங்கக் கூடாது என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்களுக்குக் கரையே போதும். முகத்துவாரங்களில் ஏற்றத் தண்ணீர் வரும் நேரம் சின்னத் தூண்டிலில் இறால் துண்டு குத்திப் போட்டால் கெளுத்தியாவது மாட்டும். முள்ளில் மட்டும் கை வைக்காதீர்கள், கடுக்கும்.

அச்சில் வந்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது. இணையப் பதிப்பில் அந்தக் கட்டம் இன்று காலைவரை அப்படியே இருக்கிறது. அதையாவது உடனே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தூண்டில்கார வாசகன்,
பசுமலை, மதுரை.